மிகுதி தங்கள் சித்தம்

1

எங்கள் தெருமுனையில் இருந்த சிவப்புத் தபால்பெட்டியைப் போன கோடையில் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சுவரில் நாலு ஓட்டை மட்டும் மிச்சம். டென்மார்க்கில் இப்போது கடிதம் எழுதுகிறவர்கள் இல்லை என்றே சொல்லலாம். கொம்யூன் என்கிற நகரசபையும் வரிக் கந்தோரும் ஆஸ்பத்திரியும் எழுதுவதெல்லாம் கைத்தொலைபேசிக்குள் வந்து விழும். அதைத் திறக்க ஒரு இரகசிய இலக்கம் வேண்டும், வாசித்து விளக்க ஒரு மகள் வேண்டும். இல்லை, நான் கடதாசியில்தான் எழுதுவேன் என்று அடம்பிடித்தால் அதைச் சாமான் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே நிற்கிற பிள்ளை உறையை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, தெரிந்த ஆளை உள்ளேயிருந்து கூப்பிடும்.

இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தெட்டு வருஷம். எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறேன். போட்டதைத் திருப்பி எடுக்கலாம் என்று யாராவது வரம் தந்தால் இரண்டை எடுப்பேன். ஒன்று என் தம்பிக்கு எழுதியது. மற்றது ஒரு கிழவர் சொல்லச் சொல்ல, அவருக்காக நான் எழுதியது. அதை அந்தச் சிவப்புப் பெட்டியில்தான் போட்டேன். இரண்டிலும் பொய் என்று ஒரு வரியைக் காட்ட முடியாது. மரியாதைதான் கூடிப்போனது.

அடுத்த மாதம் தம்பியின் முப்பத்தைந்தாவது ஆண்டுத் திவசம். போன மாதம் அன்ட்வேர்ப்பில் இருந்து ஒரு புத்தகம் வந்தது. இரண்டும் ஒன்றாய் வந்து நிற்கிறபடியால் எழுதுகிறேன்.

2

இருப்பது தலைநகருக்குப் பக்கத்தில், டோஸ்ட்ருப்பில். வேலை அடுத்த ரயில் தரிப்பான அல்பர்ட்ஸ்லுண்டில், ஒரு முதியோர் இல்லத்தில். காலை ஏழு மணிக்குப் போனால் பின்னேரம் மூன்று மணிக்கு வெளியே வரலாம். குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு தீத்துவது, பிறகு அதையெல்லாம் செய்தேன் என்று கணினியில் எழுதுவது. செய்கிற நேரத்தைவிட எழுதுகிற நேரம் கூட.

இங்கே யாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நீங்கள், தாங்கள் எல்லாம் கிடையாது. தொண்ணூற்றொரு வயது மனிதரிடம் போய் ‘ஹிர்ஷ், நீ மருந்து குடிச்சியா’ என்று கேட்க வேண்டும். டெனிஷ்காரருக்கு அது அன்பு. எனக்கு இன்றைக்கும் வாய் கூசும். அதனால் ஹிர்ஷை மட்டும் ‘ஐயா’ என்று கூப்பிட்டேன். அது என்ன சொல் என்று கேட்டார், சொன்னேன். இந்தக் கட்டடத்தில் ஒருத்தனுக்காவது புத்தி இருக்கிறது என்றார். அன்றிலிருந்து அவர் என்னைத் தவிர வேறு யாரையும் தன் சவரக் கத்தியைத் தொட விடவில்லை. தாடியைத் தொடக் கூடாது. கழுத்தில் மட்டும் மழிக்க வேண்டும்.

அவர் ஒரு ரப்பி, அதாவது யூதர்களின் சமய குரு. யூதர்களுக்குள்ளே ஹசீதியர் என்று ஒரு பிரிவு. அதில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு குருபரம்பரை. நம்முடைய ஆதீனங்களை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் குருமாருக்குக் கலியாணம் உண்டு, பிள்ளைகள் உண்டு. அவருடைய கூட்டத்தில் இந்த நாட்டில் மிஞ்சினது அவர் ஒருத்தர்தான். பிள்ளைகள் இல்லை, மனைவி முந்தியே செத்துப்போனா. நகரத்தில் தன் ஆட்களுடைய இல்லம் இருக்க, அங்கே போனால் மூன்றாம் நாள் சண்டை வரும் என்று தெரிந்தே இங்கே வந்தவர். பெரிய கோபக்காரர். அவருக்கென்று முத்திரையிட்ட பெட்டியில் சாப்பாடு வரும். வந்த நாளெல்லாம் சூப் சரியில்லை என்று கத்துவார். வெள்ளிக்கிழமை பொழுதுபட்டால் அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்கும், அதற்கு முன் இரண்டு மின்சார மெழுகுதிரியைப் போட்டுவிட வேண்டும். உண்மையான திரி கொளுத்தினால் புகை மணி அடிக்கும் என்று எங்கள் பொறுப்பாளர் லோனா தடுத்துவிட்டா. அதற்காக அவர் லோனாவோடு ஒரு வருஷம் கதைக்கவில்லை.

சில கிழமைக்கு ஒரு தரம் அன்ட்வேர்ப்பில் இருந்து அவருக்கு ஒரு கடிதம் வரும். எழுதுகிறவர் ரப்பி யோசெப். அதே பரம்பரைக்காரர், வயது ஐம்பதுக்குள். இரண்டாம் உலகப் போரில் அழிந்துபோன தங்கள் குருமாரின் நூல்களைத் தேடித் தேடி மறுபதிப்புச் செய்வது அவருடைய தொண்டு. ஒரே ஒரு புத்தகத்தைப் பற்றி இருவரும் எட்டு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். மின்னஞ்சல் கூடாது, தொலைபேசி கூடாது. மறுபதிப்பு என்றால் வாரிசின் அனுமதி கையெழுத்தோடு கடதாசியில் இருக்க வேண்டும். முன்னெல்லாம் தங்கள் பாஷையில் எழுதினார்கள். ஹிர்ஷுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் கண்ணும் போனபிறகு, வாசித்துச் சொல்ல இல்லத்தில் யாரும் இல்லை என்று யோசெப் ஆங்கிலத்துக்கு மாறினார். யாழ்ப்பாணத்தில் அச்சகத்தில் புரூஃப் பார்த்த ஆங்கிலம் என்னிடம் கொஞ்சம் மிச்சமிருந்தது. வேலை முடிந்து மூன்று மணிக்குப் பிறகு நான் அவருடைய காரியதரிசி ஆனேன். அவருக்கு ஆங்கிலம் வராது, வாசித்து எனக்குத் தெரிந்த டெனிஷில் சொல்வேன். குடியிருப்பாளரின் தனிப்பட்ட கடிதங்களை உறவினர்தான் பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. உறவினர் இல்லையே என்றேன். லோனா காதில் விழாத மாதிரிப் போய்விட்டா.

அந்தக் கடிதங்களை நீங்கள் பார்க்க வேண்டும். முதல் பக்கம் முழுக்கப் பட்டங்கள். ஞானத்தின் கிரீடமே, தலைமுறையின் தூணே, பக்தியில் மூத்தவரே, நீடு வாழ்க. நம் குருமார் ஆசியுரை எழுதும்போது கூட இவ்வளவு நீட்டுவதில்லை. எனக்குப் பழகின வாசம்போல இருந்தது. நான் ரசித்து வாசிக்க, ஹிர்ஷ் கதிரையின் கையில் விரலால் தட்டுவார். "அதை விடு. கடைசி இரண்டு வரிக்கு வா. அடி அங்கேதான் இருக்கும்."

எனக்கு விளங்கின பாதி முதல் பாதி. அடியைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

3

புத்தகம் ஹிர்ஷின் தகப்பனார் எழுதியது. அவர் போலந்தில் ஒரு சின்னப் பட்டினத்தில் ரப்பியாக இருந்தார். சனங்கள் சந்தேகங்களைக் கடிதமாக எழுதிக் கேட்பார்கள். இந்தப் பாத்திரத்தில் சமைக்கலாமா, இந்தக் கலியாணம் செல்லுமா, காணாமல் போனவனின் மனைவி இன்னொருத்தனைக் கட்டலாமா. அவர் நூல்களை ஆராய்ந்து பதில் எழுதுவார். அந்தப் பதில்களின் தொகுப்பு ஒரே ஒரு தரம் அச்சானது. பிறகு போர் வந்து புத்தகமும் போனது, வாசிக்கிற சனமும் போனது. ஹிர்ஷிடம் இருந்த பிரதி அவருடைய தாய் கொண்டுவந்தது. யோசெப் தேடிய அளவில் வேறு பிரதி இல்லை.

செத்துப்போன ஒரு பண்டிதரின் சொல்லை உயிரோடிருக்கிறவர்கள் எடுத்துச் சொன்னால், கல்லறைக்குள் அவருடைய உதடு அசையுமாம். அவர்களுடைய நம்பிக்கை அது. ஹிர்ஷின் தகப்பனாருக்குக் கல்லறையே இல்லை. எங்கே எரித்தார்கள் என்றுகூடச் சரியாகத் தெரியாது. அதனால் புத்தகம்தான் கல்லறை, அது அச்சில் வந்தாக வேண்டும் என்று கிழவர் நின்றார்.

சண்டை கடைசிப் பக்கத்தைப் பற்றியது. அதில் கேள்வி கேட்டவன் ஸெலிக் என்ற தச்சன். அமெரிக்காவில் இருக்கிற தமையன் கூப்பிடுகிறான், பெண்சாதியையும் ஆறு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டிருக்கிறான். ரப்பி போகாதே என்று பதில் எழுதினார். அங்கே போனால் பிள்ளைகள் ஓய்வுநாளை மறப்பார்கள், பிரார்த்தனையை மறப்பார்கள், கடைசியில் நீ யாரென்று உன்னையே கேட்பார்கள். இருக்கிற இடத்தில் இரு. ஸெலிக் இருந்தான். அச்சு மை காய்ந்து சில வருஷத்தில் எட்டுப் பேரும் கொல்லப்பட்டார்கள். எழுதின ரப்பியும் அதே வழியில் போனார்.

ஹிர்ஷ் எப்படித் தப்பினார் என்று கேட்டேன். தாய் புருஷனுடைய சொல்லைக் கேளாமல், போருக்கு முந்தியே நாலு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கே தையல்கடை வைத்திருந்த தன் தமையனிடம் வந்துவிட்டாள். பிறகு ஜெர்மன்காரன் இங்கேயும் வந்து யூதரைப் பிடிக்கத் தொடங்கியபோது மீன்பிடிப் படகில் சுவீடனுக்குத் தப்பினார்கள். "என் அம்மா அந்தப் பக்கத்தை மீறினவள்" என்றார். "மீறினபடியால்தான் நான் இங்கே இருந்து சூப் சரியில்லை என்று கத்துகிறேன்."

யோசெப் அந்தப் பக்கம் வேண்டாம் என்றார். அவர் சொன்ன நியாயமும் நியாயம்தான். அந்தக் காலத்தில் எத்தனையோ பெரியவர்கள் அப்படித்தான் சொன்னார்கள், யாருக்கும் வரப்போவது தெரியாது. கடவுளின் பெயரால் உயிர்விட்ட ஒருவரை எண்பது வருஷத்துக்குப் பிறகு வாசகன் ஏன் பழிக்க வேண்டும்? மகன் ஒருவன் தகப்பனுக்கு அதைச் செய்யலாமா?

அதை வாசித்துச் சொன்ன அன்று ஹிர்ஷ் கத்தவில்லை. கதிரையைக் கிட்ட இழுக்கச் சொன்னார்.

"அந்தத் தச்சனுக்குக் கல்லு இல்லை. அவன் பெயர் அச்சில் இருக்கிற ஒரே இடம் அந்தப் பக்கம். அதை வெட்டினால் அவன் பிறக்கவே இல்லை."

"உங்கள் அப்பாவின் பெயர் கெடுமே, ஐயா" என்றேன்.

"அவருடைய உதடு நல்ல சொல்லுக்கு அசையும் என்றால் இதுக்கும் அசையட்டும்."

அன்று வீட்டுக்கு வரும்போது டோஸ்ட்ருப்பில் இறங்க மறந்து கடைசித் தரிப்பு வரை போய்விட்டேன்.

4

ஏன் மறந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

வந்த புதிதில் என்னை நாட்டின் மேற்கே யூட்லாண்ட் பக்கம் அனுப்பினார்கள். அகதி முகாமில் இருந்து வெளியே வந்ததும் இக்காஸ்டில் ஒரு துணி ஆலையில் வேலை. சாயத் தொட்டிக்குப் பக்கத்தில் மாறி மாறி ஷிப்ட். நகத்துக்குள்ளே நீலம் இறங்கி ஞாயிற்றுக்கிழமையும் போகாது. அம்மாவுக்கு எழுதும்போது கந்தோரில் வேலை, கணக்கு எழுதுகிறேன் என்று எழுதினேன். அதுவும் முழுப் பொய் இல்லை. தொட்டி இலக்கத்தை ஒரு அட்டையில் எழுதினேன்தான்.

ஊரில் போர் நடந்துகொண்டிருந்தது. தம்பி குகனுக்கு அப்போது பத்தொன்பது. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் அவனுடைய கடிதம் வந்தது. ‘அண்ணை, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிற, தெரிஞ்ச ஏஜென்சி ஒருத்தர் கேக்கிறார். நீங்கள் ஓம் எண்டால் வாறன்.’ அவ்வளவுதான்.

அவன் வந்தால் என் கையைப் பார்ப்பான். அதுதான் எனக்கு முதலில் தோன்றியது. இதை இத்தனை வருஷமாக ஒருவருக்கும் சொன்னதில்லை, மனைவிக்கும் சொன்னதில்லை. வெட்கம் ஒரு மனிதனை என்னவெல்லாம் செய்ய வைக்கிறது.

ஆனால் வராதே என்று நான் எழுதவில்லை. மரியாதையான குடும்பத்தில் அப்படி எழுத மாட்டோம். இப்போது அவசரம் ஒன்றும் இல்லை என்று எழுதினேன். அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் யார் துணை என்று கேட்டேன். பரீட்சையை முடி, பிறகு ஆறுதலாக யோசிப்போம் என்றேன். கடைசியில், மிகுதி உன் விருப்பம், அம்மாவின் சித்தம் என்று முடித்தேன். அழகான கடிதம். அடித்தல் திருத்தல் ஒன்றும் இல்லை.

எட்டு மாதம் கழித்து, டியூஷன் முடிந்து சைக்கிளில் வரும்போது செல் குண்டு விழுந்து குகன் செத்தான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், நாங்கள் கல்வெட்டு என்பது கல்லில் வெட்டுவதை அல்ல. செத்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, கூடவே தேவாரம் திருவாசகம் எல்லாம் சேர்த்து ஒரு சின்னப் புத்தகமாக அடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பது. அச்சகத்தில் இருந்த காலத்தில் நூற்றுக்கணக்கில் புரூஃப் பார்த்திருக்கிறேன். கெட்டவனாகச் செத்தவன் ஒருத்தனையும் அதில் நான் கண்டதில்லை. குடிகாரன் இரக்கசிந்தை உள்ளவனாவான், வாயாடி கலகலப்பானவளாவாள். குகனுடைய வரலாற்றை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. இக்காஸ்டில் இருந்து எழுதி அனுப்பினேன். ‘அழைப்புகள் வந்தும் தாய்மண்ணை விட்டு அகல மறுத்துத் தாய்க்குத் துணையாய் நின்ற தனயன்’ என்று எழுதினேன். அந்த அச்சகத்திலேயே அடித்தார்கள். ஒரு பிழை இல்லை.

அம்மா அதை வாசித்திருப்பா. என் கடிதமும் அம்மாவிடம்தான் இருந்தது. இரண்டையும் ஒரே தகரப் பெட்டியில் வைத்திருந்தா என்று பிறகு தங்கச்சி சொன்னாள். அம்மா என்னிடம் ஒரு நாளும் ஒன்றும் கேட்கவில்லை.

5

போன வசந்தத்தில் யோசெப்பின் கடைசிக் கடிதம் வந்தது. அச்சுக்குப் போகிறது, முடிவைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். மூலப் பிரதி ஏற்கெனவே அங்கே போயிருந்தது. அனுப்பும் முன் ஹிர்ஷ் என்னைக் கொண்டு எல்லாப் பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படமெடுக்க வைத்திருந்தார். அவர்களுடைய புத்தகம் வலமிருந்து இடம் என்று தெரியாமல் நான் பின்பக்கத்தில் இருந்து எடுத்ததைச் சொல்ல, அவர் அன்று மனம்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அந்த ஒரு தரம்தான்.

பதிலை டெனிஷில் சொன்னார். "எழுது. அந்தப் பக்கம் இல்லாமல் புத்தகம் இல்லை. எடுத்தால் என் அனுமதியும் இல்லை. எல்லாம் அல்லது ஒன்றும் இல்லை. வேறொரு சொல்லும் சேர்க்காதே."

வீட்டில் இருந்து ஆங்கிலத்தில் எழுதினேன். இரண்டு பெரியவர்கள், இரண்டு குருமார். ஒருவருக்கொருவர் பக்கம் பக்கமாகப் பட்டம் சூட்டி எழுதுகிறவர்கள். அதற்குள் போய் மூன்று வரியில் முகத்தில் அடித்த மாதிரி எப்படி எழுதுவது? கிழவர் நோயில் சொல்கிறார், கேட்பவர் மனம் நோகும், எட்டு வருஷத் தொண்டு. நம் ஊரில் என்றால் எப்படி எழுதுவோமோ அப்படி எழுதினேன். முதலில் பட்டங்கள். பிறகு, அந்தக் கடைசிப் பக்கமும் இடம்பெற வேண்டும் என்பது இந்த முதியவனின் தீராத ஆவல். ஆயினும் பணியைச் சுமப்பவர் தாங்கள், தங்கள் ஞானத்துக்கு அப்பால் நான் சொல்ல என்ன இருக்கிறது, மிகுதி தங்கள் சித்தம்.

மரியாதை மட்டும்தான் காரணம் என்று சொல்லி இதோடு முடித்துவிடலாம். ஆனால் அந்தப் பக்கம் அச்சில் வராமல் போனால் நல்லது என்று என் மனதின் ஒரு மூலையும் சொன்னது. போகாதே என்று எழுதியவன் ஒருத்தன், அவனை நம்பி இருந்தவன் ஒருத்தன். அதை உலகம் வாசிக்க வேண்டாம் என்று யோசெப்பைவிட எனக்கு ஆசை கூட இருந்தது.

மறுநாள் மூன்று மணிக்குக் கடதாசியைக் கொண்டுபோனேன். திருப்பி வாசி என்றார். டெனிஷில் சொல்லத் தொடங்கினேன். ஞானத்துக்கு அப்பால், தங்கள் சித்தம், இதற்கெல்லாம் என் டெனிஷில் சொல் கிடையாது. மருந்து, மலம், முதுகுவலி, நாளை மழை, இதற்குத்தான் இருக்கிறது. அதனால் அவர் முதல்நாள் சொன்ன அந்த மூன்று வரியைத்தான் திருப்பிச் சொன்னேன். நல்லது என்றார். இடது கையில் பேனையைப் பிடித்து, நான் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார். எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. பதில் அனுப்ப முகவரியாக என் வீட்டை எழுதினேன்.

6

இலையுதிர் காலத்தில் ஹிர்ஷ் போய்விட்டார். தங்கள் வழக்கப்படி சுணக்காமல் மறுநாளே அடக்கம் செய்ய அவர்களுடைய ஆட்கள் எட்டுப் பத்துப் பேர் வந்தார்கள். அவரோடு சண்டை போட்டவர்கள்தான். நானும் லீவு எடுத்துப் போனேன். மண் போட எனக்கும் மண்வெட்டி கிடைத்தது. போட்டுவிட்டு அடுத்து நின்றவரிடம் நீட்டினேன், அவர் வாங்கவில்லை. துக்கத்தைக் கைமாற்றக் கூடாதாம். மண்ணில் குத்தி வைக்க வேண்டும், அடுத்தவர் தானாக எடுப்பார். குத்தி வைத்தேன். அவருடைய அறையை ஒரு கிழமைக்குள் ஒழித்து வெள்ளையடித்து, ஓடென்ஸவில் இருந்து வந்த ஒரு அம்மாவைக் குடியேற்றினார்கள்.

போன மாதம் வந்த பொதியில் கறுப்பு அட்டை போட்ட புத்தகம் இருந்தது. பொன்னெழுத்து. பழைய பிரதியைப் படமெடுத்து அப்படியே அச்சடித்திருந்தார்கள். அந்த எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் புரூஃப் பார்த்த கண் இருக்கிறதே, அதற்குப் பாஷை தேவையில்லை. கைத்தொலைபேசியில் இருந்த படத்தையும் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பக்கமாக ஒப்பிட்டுக்கொண்டு போனேன். கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். ஸெலிக்கின் பக்கம் இருந்த இடத்தில் ஒரு பூச்சித்திரம். மூலையில் திராட்சைக் குலை.

யோசெப்பின் கடிதமும் உள்ளே இருந்தது. ‘மறைந்த பெரியவர் தம் தாழ்மையால் முடிவை எங்களிடம் விட்டார். எங்கள் மனம் சொன்னபடி செய்தோம்’ என்று எழுதி, மூலப் பிரதி தங்கள் நூலகத்தில் பத்திரமாக இருக்கும் என்றும் நன்றி என்றும் முடித்திருந்தார்.

ஒட்டிப்போன பக்கம் ஒன்று உள்ளே இருக்குமோ என்று அந்தத் தாளை நகத்தால் பிரித்துப் பார்த்தேன். 

அன்றைக்கே அன்ட்வேர்ப்புக்கு எழுதினேன். இந்த முறை பட்டம் ஒன்றும் இல்லை. அவர் சொன்னது இது, நான் மாற்றி எழுதியது இது, அவருக்குக் கண் தெரியாது, கையெழுத்து என்னை நம்பி வைத்தது என்று எழுதிச் சாமான் கடையில் கொடுத்தேன். பதில் வர அதிகம் சுணங்கவில்லை. சின்னக் கடிதம். என் கடிதத்தை இரண்டு தரம் வாசித்ததாக எழுதியிருந்தார். பிறகு இப்படி இருந்தது: "என் கையில் அவருடைய கையெழுத்து இருக்கிறது. அதற்கு எதிரே, தான் உண்மையை எழுதவில்லை என்று சொல்லும் ஒருவரின் சொல் மட்டும் இருக்கிறது. எதை நான் நம்ப?" புத்தகம் பல நாடுகளுக்குப் போய்விட்டது, இன்னொரு பதிப்பு தன் ஆயுளில் வராது என்றும் சொல்லியிருந்தார்.

இதில் பட்டமும் இல்லை, பூச்சும் இல்லை. நான் அந்த மனிதரைக் கோபிக்க முடியாது.

இதை அச்சிடுகிறவருக்கு ஒரு வேண்டுகோள். நீளம் கருதி எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள். ஸெலிக், தச்சன், அவனுடைய பெண்சாதி, ஆறு பிள்ளைகள். இந்த வரியை மட்டும் வெட்ட வேண்டாம்.

7

கனடாவில் இருக்கிற தங்கச்சிக்கு முப்பத்தைந்தாம் ஆண்டுக்குக் குகனுடைய கல்வெட்டைத் திருப்பி அடிக்க ஆசை. பழைய பிரதி தொட்டால் பொடியாகிறது. என் மகள் ஆரணி படங்களும் எழுத்தும் ஒழுங்குபண்ணுகிற வேலை செய்கிறவள். சித்தப்பாவின் புத்தகத்தை அவளே கணினியில் அமைத்துத் தருவதாகச் சொன்னாள். தங்கச்சி தகரப் பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்பினாள். கடைசிப் படம் என் கடிதம். தெரிந்து அனுப்பினாளோ, தெரியாமலோ, நான் கேட்கவில்லை.

ஆரணிக்குத் தமிழ் கதைத்தால் விளங்கும், பதில் டெனிஷில்தான் வரும். அச்செழுத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பாள், கையெழுத்து வாசிக்கத் தெரியாது. இது என்ன என்று கணினித் திரையைத் தொட்டுக் கேட்டாள். பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, வரி வரியாக டெனிஷில் சொன்னேன். ஆறுதலாக யோசிப்போம் என்பதற்கு என்ன சொல்வது? அம்மாவின் சித்தம் என்பதற்கு? தட்டித் தடவிச் சொல்லி முடித்தபோது முப்பத்தைந்து வருஷத்துப் பூச்செல்லாம் உதிர்ந்து, கடிதம் ஒரே ஒரு சொல்லாய் நின்றது. வராதே.

ஆரணி முந்தின படத்துக்குப் போனாள். வரலாற்றுப் பக்கத்தில் அவர் வர மறுத்தார் என்று இருக்கிறதே என்றாள். அதுவும் நான் எழுதினதுதான் என்றேன். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாதே, எதை எடுப்பது என்று கேட்டாள்.

தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்தேன். வரலாற்றையும் கடிதத்தையும் எதிரெதிரே போடப்போகிறேன் என்றேன்.

"கல்வெட்டிலை ஆரும் இப்பிடிப் போடுறவையே அண்ணை? சனம் உங்களைத்தான் திட்டும். செத்த பிள்ளைக்கு இனி இதாலை என்ன வரப்போகுது?"

"அம்மா அதை எறியேல்லைத்தானே" என்றேன்.

 அவள் அங்கே பனி எப்படி என்று கேட்டாள். இங்கே மழைதான் என்றேன். உங்கள் விருப்பம் என்று சொல்லி வைத்துவிட்டாள். அது சம்மதம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

நேற்று ஆரணி அமைத்த பக்கங்களைக் காட்டினாள். குகனுடைய படம். பஞ்சபுராணப் பாடல்கள். நான் எழுதிய வரலாறு, ஒரு சொல்லும் மாற்றாமல். அதற்கு எதிர்ப் பக்கத்தில் அந்தக் கடிதம், மடிப்புக் கோடும் மை ஊறின இடமும் தெரிய. பூ ஒன்றும் இல்லை. வாசிக்கிறவர்களுக்கு யார் எழுதினது என்று விளங்காது, அடியில் கையெழுத்துச் சரியாகத் தெரியவில்லை என்றாள். பிறகு, சின்ன வயதுக்குப் பிறகு முதல் தரமாக, முழுவதும் தமிழில் கேட்டாள்.

"அப்பா, கீழை ஆரின்ரை பேர் போடுறது?"

"என்ரை."